இன்னொரு அறுபது லிட்டர்

2023 ஜூலை 14, பிற்பகல் 2.35 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்.வி.எம்.-3 ஏவுகலம் சந்திரயான்-3-ஐச் சுமந்துகொண்டு கிளம்பியது. ஏவுதளத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நேர்க்கோட்டில் அளந்தால் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் கிடப்பது பழவேற்காடு ஏரி. கிளம்பும்போது அந்த ஏவுகலத்தின் எடை ஏறத்தாழ 640 டன். அது சுமந்த சந்திரயானின் எடை 3.9 டன். மீதியில் பெரும்பங்கு எரிபொருளும் அதை எரிப்பதற்கான ஆக்சிகரணியும்தான். சுமையைத் தூக்க எரிபொருள், அந்த எரிபொருளைத் தூக்க இன்னும் எரிபொருள் என்று கணக்கு வளர்ந்துகொண்டே போகும். ரஷ்யப் பள்ளி ஆசிரியர் சியால்கோவ்ஸ்கி 1903-ல் இதற்கான சமன்பாட்டை அச்சில் கொண்டுவந்தார்.

கும்மிடிப்பூண்டியில் பிக்-அப் ஓட்டுகிறவர்கள் நடுவே பெரிய டேங்க் போடுவதைப் பற்றிப் பேச்சு எழுந்தால், வேண்டாம் என்பவர்கள் முதலில் எடுத்து வைப்பதும் ஏறக்குறைய இதே வாதம்தான்: "டீசலைச் சுமக்கிறதுக்கே டீசல் போயிடும்." ஏவுகலத்துக்கு இது சரி. ஜி.என்.டி. சாலையில் ஓடும் பிக்-அப்புக்குச் சரியா? பெரிய டேங்க் தேவையா இல்லையா என்பதற்கு என் பதிலை முன்பே சொல்லிவிடுகிறேன்: கும்மிடிப்பூண்டிக்காரருக்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் அதற்குச் சொல்லப்படும் இந்தக் காரணம் தவறு. சரியான காரணங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன.

முதலில் வண்டி. 2005-ல் வந்த டாடா ஏஸ், நம் ஊரில் குட்டியானை, 30 லிட்டர் டேங்கோடு வரும். 2011-ல் அசோக் லேலண்ட் இறக்கிய தோஸ்த்துக்கு 40. மஹிந்திரா பொலேரோ பிக்-அப்புக்கு 60. ஒவ்வொன்றின் மைலேஜையும் வைத்துப் பெருக்கிப் பாருங்கள், எல்லாம் சுமார் 500 முதல் 700 கிலோமீட்டருக்குள் வந்து நிற்கும். ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் தீராத அளவு. சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பியும் வார்ப்பு உருப்படியும் ஏற்றி நெல்லூர்வரை போய்வரும் பொலேரோவை எடுத்துக்கொள்வோம். அதன் சேசிஸுக்குக் கீழே இன்னொரு 60 லிட்டர் டேங்க் மாட்டுகிறோம்.

டீசல் ஒரு லிட்டர் ஏறத்தாழ 830 கிராம். 60 லிட்டர் என்றால் 50 கிலோ. தகடு, பட்டை, போல்ட், குழாய் எல்லாம் சேர்த்து 15 கிலோ வைத்துக்கொள்ளலாம். ஆக, கூடுதல் எடை 65 கிலோ. லோடோடு இந்த வண்டி மூன்று டன்னுக்கு மேல் நிற்கும். அதில் இது இரண்டு சதவீதம்.

சமதளத்தில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டிக்கு எடை தரும் தொல்லை டயர் வழியாக வருகிறது. டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, உருண்டு மேலே போனதும் மறுபடி விரிகிறது. நசுக்கச் செலவான ஆற்றலை ரப்பர் முழுதாகத் திருப்பித் தருவதில்லை; ஒரு பங்கு சூடாகப் போய்விடுகிறது. நெடுந்தூரம் ஓடிய டயரைத் தொட்டால் சுடுவது இதனால்தான். நல்ல தார்ச்சாலையில் இந்த இழப்பு எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு விசையாக வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். 65 கிலோவுக்கு அந்த விசை 6.4 நியூட்டன். அரைக்கிலோ அரிசிப் பையைத் தூக்கிவிட அதுவே போதும். 100 கிலோமீட்டர் தூரத்துக்கு இந்த விசையை எதிர்த்துத் தள்ள 640 கிலோஜூல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36,000 கிலோஜூல் அடங்கியிருக்கிறது. என்ஜின், கியர், ஆக்சில் எல்லாம் தின்றதுபோக முப்பது சதவீதம் சக்கரத்துக்கு வருவதாகக் கொண்டால் 10,800. வகுத்துப் பார்த்தால் 100 கிலோமீட்டருக்கு 60 மில்லி லிட்டர்.

நின்று நின்று கிளம்புவதையும் சேர்க்க வேண்டும். 65 கிலோவை 60 கி.மீ. வேகத்துக்கு ஏற்ற 9 கிலோஜூல் ஆகும். பிரேக் அடித்தால் அது சூடாகிப் போயிற்று. டீசலில் சொன்னால் ஒருமுறை நின்று கிளம்ப ஒரு மில்லி லிட்டருக்கும் குறைவு. கவரைப்பேட்டை நெரிசல், டோல், ரயில்வே கேட் என்று 100 கிலோமீட்டருக்குள் நாற்பது தடவை நின்றாலும் 35 மில்லி லிட்டரைத் தாண்டாது. இரண்டையும் கூட்டினால் நூறு மில்லி லிட்டருக்குள், பணமாக ஒன்பது ரூபாய். வண்டி மொத்தமாகக் குடிப்பது எட்டே கால் லிட்டர். ஒரு சதவீதம் சொச்சம் என்பது மைலேஜ் கணக்கு எழுதும் நோட்டில் கண்ணுக்கே தெரியாது.

ஏவுகலத்தில் எரிபொருளே வண்டி. பிக்-அப்பில் எரிபொருள் ஒரு சின்னப் பயணி. சியால்கோவ்ஸ்கியின் பூதம் இங்கே வந்தால் அதற்கு வேலை இருக்காது.

எடையைக் குறித்துக் கவலைப்படுகிறவர் காற்றைக் குறித்தும் கொஞ்சம் கவலைப்படலாம். தார்ப்பாய் கட்டிய பிக்-அப் 80 கி.மீ. வேகத்தில் போனால் காற்று ஏறத்தாழ 440 நியூட்டன் விசையில் அதைப் பின்னுக்குத் தள்ளும். 60-க்கு இறக்கினால் 250. இந்த 190 நியூட்டன் வித்தியாசம், முப்பது கூடுதல் டேங்குகளைச் சுமப்பதற்குச் சமம். டயரில் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் உருளும் தடை ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுகிறது. மூன்று டன் வண்டிக்கு அது நான்கரை டேங்குகளின் சுமை. கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே, தேர்வாய் கண்டிகை சிப்காட்டில், மிஷலின் டயர் தொழிற்சாலை இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரப்பரில் சிலிக்காவைக் கலந்து உருளும் தடையைக் குறைத்த டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம் அது. ரப்பருக்குள் போகும் சூட்டைக் கொஞ்சம் குறைக்கப் பல ஆண்டு ஆராய்ச்சி தேவைப்பட்டது. நாமோ காற்றைச் சரிபார்க்காமல் அந்த லாபத்தை ரோட்டில் விட்டுவிட்டு, டேங்கின் எடையைப் பற்றி வாதாடுகிறோம்.

சரி, நட்டம் சிறியது. லாபம்?

ஆஸ்திரேலியாவில் பெரிய டேங்க் ஒரு தனித் தொழிலே. அங்கே டொயோட்டா லேண்ட்குரூசர் 79 பிக்-அப் கம்பெனியிலிருந்தே 130 லிட்டர் டேங்கோடு வருகிறது. அதையும் கழற்றிவிட்டு இன்னும் பெரியது மாட்டுகிறவர்கள் உண்டு. பாலைவனத்து மண்பாதையில் அடுத்த பங்க் எத்தனை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் என்பது அங்கே உயிர்க்கேள்வி. நம் நாட்டில் அதற்கு நெருங்கிய இடம் இமாச்சலத்தின் தாண்டி. மணாலியிலிருந்து லே போகும் வழியில், அந்த ஊர் பங்கில் அடுத்த பங்க் 365 கி.மீ. தூரத்தில் என்று நெடுங்காலம் பலகை நின்றது; அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாத பைக் ஓட்டிகள் குறைவு. மலையேற்றத்தில் நம் பொலேரோ லிட்டருக்கு எட்டு கிலோமீட்டரே கொடுத்தாலும் 365-க்கு 46 லிட்டர் போதும். இந்தியாவின் பேர்போன பங்க் இல்லாத சாலையைக்கூடக் கம்பெனி டேங்கே தாண்டிவிடும்.

கும்மிடிப்பூண்டியில் நிலைமை நேர் எதிர். டீசல் காய்ச்சும் மணலி சுத்திகரிப்பு நிலையம் தெற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. செங்குன்றத்திலிருந்து நெல்லூர்வரை, ஜி.என்.டி. சாலை எனப்படும் தேசிய நெடுஞ்சாலை 16-ல் பங்க் கண்ணில் படாமல் அரைமணி நேரம் ஓட்டுவதே கடினம். நடுவழியில் நின்றுவிடுவோம் என்ற பயத்துக்கு இங்கே இடமில்லை. இருந்தும் இந்த ஊரில் பெரிய டேங்க் ஆசை பிறப்பதற்கு ஒரு உருப்படியான காரணம் உண்டு. அது விலை.

டீசலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அந்தந்த மாநிலம் தன் வாட் வரியைப் போட்டுக்கொள்கிறது. தமிழ்நாடு 11 சதவீதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் வாங்குகிறது. ஆந்திரத்தில் 22.25 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 4 ரூபாய், சாலை வரியாக இன்னும் ஒரு ரூபாய். ஆரம்பாக்கத்தைத் தாண்டித் தடாவுக்குள் நுழைந்ததும் அதே டீசல் நான்கைந்து ரூபாய் ஏறிவிடுகிறது. வடக்கே போகும் லாரிகள் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு கிளம்புவது இதனால்தான். எல்லை ஊரில் டேங்க் என்பது எங்கே வாங்குவது என்ற உரிமையையும் சேர்த்துச் சுமக்கிறது. அந்த உரிமையின் விலை என்ன என்பதைத்தான் கணக்குப் போட வேண்டும்.

நெல்லூர் போய்வர 260 கி.மீ. லிட்டருக்கு 12 என்றால் 22 லிட்டர். இருக்கும் டேங்கே போதும். பெரிய டேங்கால் ஒரு பைசா லாபமில்லை. சிப்காட் பிக்-அப்களின் நடைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான் என்பதால், பலருக்கு அத்தியாயம் இங்கேயே முடிந்துவிடலாம்.

விஜயவாடா கொஞ்சம் சுவையானது. போகவர 810 கி.மீ., 67 லிட்டர். அடியில் ஐந்து லிட்டர் மிச்சம் வைத்தே ஓட்டுவோம் என்றால் கம்பெனி டேங்க் தருவது 55. பற்றாக்குறை 12 லிட்டர். அதை ஆந்திரத்தில் வாங்காமல் இங்கேயே நிரப்பிக்கொண்டால் லிட்டருக்கு நாலரை ரூபாய் வீதம் 54 ரூபாய் மிச்சம். ஆனால் 'இருக்கிறதே' என்று கூடுதல் டேங்கை விளிம்புவரை நிரப்பிப் போனால், 65 கிலோவை 810 கிலோமீட்டர் இழுத்த செலவு 73 ரூபாய். மிச்சம் போய் நட்டம். தேவையான 12 லிட்டரை மட்டும் ஊற்றினால் இழுக்கும் எடை 25 கிலோ, செலவு 28 ரூபாய். கையில் நிற்பது 26 ரூபாய். டேங்கும் பொருத்துக் கூலியும் 12,000 ரூபாய் என்று வைத்தால், போட்ட பணம் திரும்ப 460 நடை ஓட வேண்டும்.

விசாகப்பட்டினம் வேறு கதை. போகவர 1,500 கி.மீ.க்குச் சற்று மேல், 126 லிட்டர். கூடுதல் டேங்கின் 60 லிட்டரும் முழுதாகப் பயன்படும்: 270 ரூபாய். வழியில் டீசல் குறையக் குறைய எடையும் குறையும்; சராசரியாக 40 கிலோ என்று கொண்டால் இழுப்புச் செலவு 84. நடைக்கு நிகரமாக 186 ரூபாய். 65 நடையில் டேங்க் காசு எழுந்துவிடும். வாரம் ஒரு விசாகப்பட்டின நடை அடிக்கிறவருக்கு ஒன்றேகால் வருடம். மோசமில்லை என்று தோன்றும்.

இங்கேதான் அந்த 65 கிலோ வேறு வேடத்தில் திரும்பி வருகிறது. டீசலை அது அதிகம் குடிக்கவில்லை. ஆனால் லோடில் இடம் பிடித்துக்கொள்கிறது. வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை மாறாது. டேங்க் 65 கிலோ ஏறினால் சரக்கு 65 கிலோ இறங்க வேண்டும். 1,700 கிலோ ஏற்றும் பொலேரோவுக்கு அது 3.8 சதவீதம். கம்பி, வார்ப்பு, சிமென்ட் போன்ற சரக்குக்கு வாடகை எடைக்குத்தான். விசாகப்பட்டின நடைக்கு டீசல் மட்டுமே 11,600 ரூபாய் ஆகும். வாடகை குறைந்தபட்சம் அதையாவது தாண்ட வேண்டும். அதில் 3.8 சதவீதம் 440 ரூபாய். 186-ஐ மிச்சம் பிடிக்க 440-ஐ விட்டுக்கொடுப்பது எந்த ஊர் வியாபாரம்?

லோடைக் குறைக்காமல் ஏற்றிக்கொண்டே போனால் என்ன என்று கேட்பவருக்கு: 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. எளாவூர் சோதனைச்சாவடி இந்த வழியில்தான் இருக்கிறது.

தெர்மாகோல், காலி டிரம், பிளாஸ்டிக் கிரேட் என்று இடத்தை அடைத்து எடை நிற்காத சரக்கு ஏற்றுகிறவருக்கு இந்த இழப்பு இல்லை. அப்படிப்பட்ட சரக்கோடு தொடர்ந்து 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஆந்திரத்துக்குள் போய்வருகிறவர் ஒருவர் மட்டுமே, நான் பார்த்தவரை, கணக்கில் ஜெயிக்கிறார். அவருக்காகத்தான் இனி வரும் பகுதி. டேங்க் என்பது தகரப் பெட்டி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால் அது சிக்கலில் முடியும்.

நிறைகுடம் தளும்பாது என்பது இயற்பியலிலும் உண்மை. நிறைந்த டேங்கில் டீசல் நகர இடமில்லை. முற்றிலும் காலியானதில் நகர டீசல் இல்லை. தொல்லை நடுவில். வண்டிக்குக் குறுக்கே கிடக்கும் ஒரு மீட்டர் நீள டேங்கில் ஒரு சாண் உயரத்துக்குக் குறைவாக டீசல் நிற்கிறது என்று கொள்வோம். வண்டியைத் திருப்பினால் அது ஒரு பக்கம் ஓடி, சுவரில் மோதி, மறுபக்கம் வரும். ஒருமுறை போய்வர ஏறத்தாழ 1.7 நொடி. முன்னே போகும் லாரியை ஒதுங்கித் தாண்டிவிட்டு மறுபடி தடத்துக்கு வர டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பும் தாளமும் கிட்டத்தட்ட இதே வேகம்தான். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் ஒவ்வொரு திருப்பமும் அலையைப் பெரிதாக்கலாம். இருபது முப்பது கிலோ டீசல் மூன்று டன் வண்டியைக் கவிழ்க்காது. ஆனால் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை அடித்து அடித்து வெல்டிங்கைத் தளர்த்தும். கம்பெனி டேங்குக்குள் ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் நிற்பது இதற்காகத்தான். ஒரு மீட்டரை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு அறையிலும் மூன்றில் ஒரு பங்கு டீசல்; அலையின் கால அளவும் 0.7 நொடியாகச் சுருங்கி, ஸ்டியரிங் தாளத்தைவிட்டு விலகிவிடும். பட்டறையில் செய்யும் டேங்கில் முதலில் மிச்சம் பிடிக்கப்படுவது இந்தத் தடுப்புதான். வெளியே தெரியாதே!

அடுத்தது தகடு. இரும்பும் உருட்டாலைகளும் நிறைந்த ஊர் இது. தகட்டுக்கும் வெல்டருக்கும் பஞ்சமில்லை. துருப்பிடிக்காது என்று ஜி.ஐ. தகட்டில் டேங்க் அடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. டீசலுக்கு இதைவிடக் கெட்ட தேர்வு குறைவு. டீசலில் இயல்பாகவே சிறிதளவு கரிம அமிலங்கள் உண்டு; பழையதாகும்போது கூடும். அவை ஜி.ஐ. பூச்சிலுள்ள துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு போன்ற ஒரு பொருளாகின்றன. அது டீசலில் கரைந்து வடிகட்டியைத் தாண்டிவிடும், ஏனென்றால் அது தூசி அல்ல. போய்ப் படிவது இன்ஜெக்டரின் துளையில். காமன் ரெயில் என்ஜினில் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் டீசல் சீறுவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு அகலமுள்ள துளைகள் வழியாக. அங்கே ஒரு மெல்லிய பூச்சு படிந்தாலே தெளிப்பு கெட்டு, இழுவை குறையும், புகை கூடும். செம்புக் குழாயும் டீசலைச் சீக்கிரம் கெடுக்கும். ஒரு இன்ஜெக்டர் மாற்றும் செலவில், மேலே நாம் கணக்கிட்ட விசாகப்பட்டின லாபத்தில் எத்தனை மாதம் கரையும் என்று மெக்கானிக்கைக் கேட்டால் சொல்வார்.

என்ஜினுக்குப் போகும் குழாய் எல்லோருக்கும் தெரியும். திரும்பி வரும் குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உயர் அழுத்தப் பம்ப் என்ஜின் எரிக்கும் அளவைவிட அதிக டீசலை இழுக்கிறது. பம்பையும் இன்ஜெக்டரையும் குளிர்வித்து உயவூட்டிய மிச்சம் சூடாக டேங்குக்குத் திரும்புகிறது. இரண்டு டேங்க் போட்டு நடுவில் ஒரு வால்வு வைக்கிறார்கள். வால்வைத் திருப்பினால் இழுப்பது இரண்டாவது டேங்கிலிருந்து. ஆனால் திரும்பும் குழாய் பழைய டேங்கிலேயே நிற்கிறது. மணிக்கு இருபது லிட்டர் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய டேங்கில் பாதி இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் நிரம்பி, மூடி வழியே சாலையில் வழியத் தொடங்கும். நெல்லூரைத் தாண்டும் நேரம் கூடுதல் டேங்க் காலி. டிரைவரோ வண்டி டீசல் குடிக்கிறது என்று என்ஜினைத் திட்டுவார். வழிந்த டீசலில் பின்னால் வரும் பைக் சறுக்குவது தனி. இரண்டு குழாயையும் சேர்த்தே மாற்றும் ஆறுவழி வால்வு இதற்குத் தீர்வு. அல்லது இரண்டாவது டேங்கை என்ஜினோடு இணைக்கவே இணைக்காமல், சிறு பம்ப் வைத்து முதல் டேங்குக்கு டீசல் மாற்றுவது. லோடு பாடியில் உயரமாக டேங்க் வைத்து வெறும் குழாயால் கீழ் டேங்கோடு இணைப்பவர்கள், நீர்மட்டம் சமமாகத் துடிக்கும் என்ற எட்டாம் வகுப்புப் பாடத்தைச் சாலையில் கற்றுக்கொள்வார்கள்.

சூட்டில் டீசல் விரியும். ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் 0.8 பங்கு. மண்ணுக்கடியில் இருக்கும் பங்க் தொட்டியில் 30 டிகிரியில் கிடந்த 60 லிட்டர், சித்திரை வெயிலும் திரும்பி வரும் சூட்டு டீசலும் சேர்ந்து 50 டிகிரியை எட்டினால் ஒரு லிட்டர் பெருத்திருக்கும். அதற்குக் காலி இடமும், மூச்சு விட ஒரு குழாயும் வேண்டும். (விடியற்காலையில் போட்டால் டீசல் அதிகம் கிடைக்கும் என்பார்கள். பூமிக்கடியில் காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.) மூச்சுக் குழாய் அடைத்தால் டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி என்ஜின் திணறும். மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போடுவது நம் நாட்டு வைத்தியம். மழைநீர் அதே ஓட்டை வழியாகத்தான் உள்ளே வரும். பழவேற்காட்டுக் காற்றின் ஈரம் டேங்குக்குள் படிந்து தண்ணீராகும் என்ற பயம் மட்டும் மிகை: பாதி காலியான டேங்கிலுள்ள 30 லிட்டர் காற்று அடக்கக்கூடிய மொத்த நீராவி ஒரு கிராம்கூட இல்லை.

தீயைப் பற்றி ஒரு சொல். பெட்ரோல் டேங்குக்குள் ஆவி அவ்வளவு அடர்த்தி, பற்றிக்கொள்ளக் காற்று போதாது. குளிர்ந்த டீசல் டேங்கில் ஆவி அவ்வளவு மெல்லிசு, பற்றிக்கொள்ள ஆவி போதாது. அதனால்தான் டீசல் பாதுகாப்பானது என்று பேர். ஆனால் டீசலின் ஆவி பற்றிக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலைக்கு ஐரோப்பியத் தரம் குறைந்தது 55 டிகிரி கேட்கிறது. இந்தியத் தரம் 35 போதும் என்கிறது. 35 டிகிரி திருவள்ளூர் மாவட்டத்தில் சாதாரணப் பகல். நம் டேங்கின் காலி இடத்தில் பற்றக்கூடிய ஆவி இருப்பதாகவே எண்ணி நடக்க வேண்டும். ஓடும்போது உள்ளே தீப்பொறிக்கு வழியில்லை. கசிகிறது என்று கழற்றிப் பட்டறையில் பற்றவைக்கும்போதுதான் வழி உண்டு. அப்போது முழு டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து.

சட்டமும் பக்கத்தில் நிற்கவில்லை. உற்பத்தியாளர் கொடுத்த வடிவத்தை உரிமையாளர் மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராக உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182அ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும் நாளில் கழற்றி வைத்துவிட்டு மறுநாள் மாட்டுவோம் என்பவர், நடுவில் ஒரு விபத்து நடந்தால் காப்பீட்டுக் கம்பெனி வண்டியின் அடியில் குனிந்து பார்க்கும் என்பதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

இவ்வளவையும் தாண்டி, தடுப்பு வைத்து, நல்ல தகட்டில், ஆறுவழி வால்வோடு ஒருவர் அனுமதியும் வாங்கி மாட்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய லாபம் நிற்பது அந்த நான்கைந்து ரூபாய் விலை வித்தியாசத்தின் மேல். அது இயற்பியல் மாறிலி அல்ல. ஓசூர் எல்லையைப் பாருங்கள். 2024 மே மாதம் சென்னையில் டீசல் 92 ரூபாய் சொச்சம், பெங்களூரில் 85 ரூபாய் 93 காசு. கர்நாடகப் பக்கமுள்ள அத்திப்பள்ளியில் நிரப்பிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் ஓடுகிற வண்டிக்கு லிட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேல் மிச்சம். அந்தக் கணக்கை நம்பி ஒருவர் 12,000 ரூபாய்க்கு டேங்க் மாட்டியிருந்தால், 1,900 லிட்டர் மாற்றி வாங்கியதும் காசு எழுந்திருக்கும். ஜூன் 15 அன்று கர்நாடகம் டீசல் மீதான விற்பனை வரியை 14.34 சதவீதத்திலிருந்து 18.44 ஆக்கியது; ஒரே நாளில் மூன்று ரூபாய் போயிற்று. 2025 ஏப்ரலில் மறுபடி உயர்த்த, இன்னும் இரண்டு ரூபாய். எஞ்சியது ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு. அதே டேங்கின் காசு எழ அதன்பின் 8,000 லிட்டருக்கு மேல் மாற்றி வாங்க வேண்டியிருந்தது.